இசைத்தட்டு ஒப்பந்தங்களும் ஏமாற்றப்பட்ட கலைஞர்களும்: அமெரிக்கக் கறுப்பின இசைஞர்களின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்த இசைத்தட்டுத் தொழில், அந்நாட்டுக் கறுப்பின மக்களின் புளூஸ், ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் ஆகிய இசைவகைகளை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. அந்த இசையைப் படைத்தவர்களுள் பலர் வறுமையில் வாழ்ந்து வறுமையிலேயே இறந்தனர். இவர்களுள் பலருடைய தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றிருந்தன. விற்ற பணம் அவர்கள் கைக்கு வராமல் போனதற்குப் பெரும்பாலும் அவர்களே கையொப்பமிட்ட தாள்கள் காரணமாயின. அத்தாள்களில் என்ன எழுதப்பட்டிருந்தது, கணக்கு எவ்வாறு போடப்பட்டது, உண்மை தெரிந்தபின் நீதிமன்றம் சென்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

1920 ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று, நியூயார்க்கில் மேமி ஸ்மித் என்ற பாடகி ஓகே நிறுவனத்துக்காக 'கிரேசி புளூஸ்' என்ற பாடலைப் பதிவு செய்தார். கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்கமாட்டார்கள் என்று நிறுவனங்கள் அதுவரை எண்ணியிருந்தன. அத்தட்டின் பெரும் விற்பனை அந்த எண்ணத்தை மாற்றியது. கறுப்பின மக்களுக்கென்றே தனி வரிசைகளில் தட்டுகள் வெளிவரத் தொடங்கின. இவ்வரிசைகளை அக்காலத்தில் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (இனத் தட்டுகள்) என்று அழைத்தனர்.

இத்தொழிலில் இறங்கியவர்கள் எல்லாரும் இசை அறிந்தவர்கள் அல்லர். புகழ்பெற்ற பாராமவுண்ட் இசைத்தட்டுகளை வெளியிட்டது விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலி நிறுவனம் ஒன்று. அது இசைப்பெட்டிகளுக்கு மர அலமாரி செய்து வந்தது. பெட்டி விற்கவேண்டுமானால் தட்டும் வேண்டும் என்பதால் தட்டுத் தொழிலுக்கு வந்தது.

பாடகர்களைத் தேடிப்பிடிக்க நிறுவனங்கள் ஆள் வைத்திருந்தன. பாராமவுண்டுக்கு இப்பணியைச் செய்தவர் ஜே. மேயோ வில்லியம்ஸ். இவரும் கறுப்பினத்தவரே, பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பாடல்களின் உரிமையைத் தாம் நடத்திய பதிப்பு நிறுவனத்தின் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்வது இவரது வழக்கமாக இருந்தது. ஆகவே இவ்வரலாற்றை வெள்ளையர் கறுப்பினத்தவரை ஏமாற்றிய கதை என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்க வாய்ப்பில்லாதவர்களை ஏமாற்றிய கதையாகவும் அதைக் காணவேண்டும்.

ஒரு தட்டில் இரண்டு உரிமைகள்

மேலே செல்லுமுன் மாணவர்கள் ஓர் அடிப்படைச் செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஓர் இசைத்தட்டிலிருந்து இரண்டு வழிகளில் வருமானம் வரக்கூடும்.

முதலாவது, பாடலை இயற்றியவருக்கு உரியது. பாட்டின் சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதை யார் பாடினாலும், எந்த நிறுவனம் பதிவு செய்தாலும், இயற்றியவருக்குப் பங்கு சேரவேண்டும்.

இரண்டாவது, பதிவு செய்யப்பட்ட அந்தக் குரலுக்கு உரியது. ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் பாடியவருக்கு ஒரு பங்கு தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இவ்வகைப் பங்கையே 'ராயல்டி' என்கிறோம்.

கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, முதன்முறையாக ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்ற பாடகருக்கு இந்த இரண்டு உரிமைகளும் தெரிந்திருக்கவில்லை. பாடினால் பணம் என்ற அளவில்தான் அவர் தம் தொழிலை அறிந்திருந்தார். அந்த அறியாமையே ஏமாற்றின் முதற்படி ஆயிற்று.

ஒரே தொகையில் முடித்தல்: பெஸ்ஸி ஸ்மித்

'புளூஸ் பேரரசி' என்று போற்றப்பட்டவர் பெஸ்ஸி ஸ்மித். 1923 ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடத் தொடங்கினார். அவரது முதல் தட்டான 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' ஆறு மாதங்களில் 7,80,000 படிகள் விற்றதாகக் கூறப்படுகிறது.

பயன்படுத்தத்தக்க ஒரு பக்கத்துக்கு 125 டாலர் என்பது அவருக்குப் பேசப்பட்ட ஊதியம். அதிலும் பாதியை, அவரை அழைத்து வந்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டார். இதை அறிந்த பெஸ்ஸியும் பின்னர் அவர் கணவரானவரும் வில்லியம்ஸை நேரில் சந்தித்துச் சண்டையிட்டு, அந்த ஏற்பாட்டை முறித்தனர். பிறகு கொலம்பியாவுடன் நேரடியாகப் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. தரகர் நீங்கியதால் முழுத் தொகையும் பெஸ்ஸிக்குக் கிடைத்தது. ஆனால் புதிய ஒப்பந்தத்தில் விற்பனைக்கேற்ற பங்கு பற்றிய விதி நீக்கப்பட்டிருந்தது. பாதி ஊதியத்தைப் பறித்தவரிடமிருந்து மீண்ட பெஸ்ஸி, அதைவிடப் பன்மடங்கு பெரிய இழப்பை அறியாமலேயே ஏற்றுக்கொண்டார்.

இந்த இழப்பின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு தட்டுக்கு ஒரே ஒரு சென்ட் பங்கு என்று வைத்துக்கொண்டாலும், 7,80,000 தட்டுகளுக்கு 7,800 டாலர் ஆகிறது. இரண்டு பக்கங்களுக்குப் பேசிய ஊதியமோ 250 டாலர். 1931 வரை பெஸ்ஸி கொலம்பியாவுக்காக 160 பதிவுகளைச் செய்தார். அவற்றுக்கு அவர் பெற்ற மொத்தத் தொகை 28,575 டாலர். சராசரியாக ஒரு பதிவுக்கு 179 டாலருக்கும் குறைவு.

1937 ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் பெஸ்ஸி இறந்தார். பென்சில்வேனியாவில் உள்ள அவரது கல்லறையில் 1970 வரை பெயர் பொறித்த கல் இல்லை. அவ்வாண்டில் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுவயதில் பெஸ்ஸியை அறிந்திருந்த வானிட்டா கிரீன் என்பவரும் பணம் தந்து கல் நாட்டினர்.

பெயரை நுழைத்தல்

இயற்றியவருக்கு உரிய பங்கைப் பறிக்க மிக எளிய வழி, இயற்றியவர் பட்டியலில் இன்னொருவர் பெயரைச் சேர்ப்பது. சக் பெர்ரி 1955 இல் செஸ் நிறுவனத்துக்காகப் பாடிய 'மேபலின்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தட்டு வெளிவந்தபோது பாடலை இயற்றியவர்களாகச் சக் பெர்ரியுடன் ஆலன் பிரீட், ரஸ் பிராட்டோ என்ற இருவர் பெயரும் இருந்தன. பிரீட் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர். பிராட்டோ செஸ் நிறுவனத்தாரோடு தொழில் தொடர்புடையவர். இருவரும் பாடலில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

பிரீட் தம் நிகழ்ச்சியில் ஒரு பாடலை எத்தனை முறை ஒலிபரப்புகிறாரோ, அத்தனைக்கு அது விற்கும். அவருக்குத் தரவேண்டிய கைக்கூலியை நிறுவனம் தன் பணத்திலிருந்து தராமல், பாடலாசிரியரின் பங்கிலிருந்து தந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். வானொலியில் ஒலிபரப்பக் கையூட்டு வாங்கும் இப்பழக்கத்தைப் 'பயோலா' என்பர். 1959, 1960 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. பிரீட் 1962 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 300 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 'மேபலின்' பாடலின் முழு உரிமை சக் பெர்ரிக்குத் திரும்பியது 1986 இல்தான்.

ஆர்தர் குரூடப்பின் வாழ்க்கை இதைவிடத் துயரமானது. மிசிசிப்பியில் பிறந்த இவர் 1946 இல் 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலைப் பதிவு செய்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் எல்விஸ் பிரெஸ்லி அதே பாடலைப் பாடித் தம் புகழ்வாழ்வைத் தொடங்கினார். குரூடப்பின் பாடல் உரிமைகளோ அவருடைய மேலாளர் லெஸ்டர் மெல்ரோஸ் வசம் இருந்தன. தமக்குரிய பணம் வரவில்லை என்று மனம் கசந்து பதிவு செய்வதையே விட்ட குரூடப், வர்ஜீனியாவில் பண்ணை வேலை செய்து பிழைத்தார். பாடலைப் பாடியவர் உலகப்புகழ் பெற்றிருக்க, இயற்றியவர் வயலில் நின்றார். 1974 இல் அவர் இறந்த பிறகே குடும்பத்தாருக்குப் பணம் வரத் தொடங்கியது.

வாரக் கணக்கும் தட்டுக் கணக்கும்

1950களில் பல கலைஞர்களின் ஒப்பந்தங்களில் ராயல்டி விதி இருந்தது. ஆயினும் பணம் வரவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அக்கலைஞர்கள் வந்த ஊர்களின் வேளாண் முறையைப் பார்ப்பது பயன்தரும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமை முறை ஒழிந்த பிறகு வாரச் சாகுபடி பரவியது. நிலம் முதலாளியுடையது, உழைப்பு வாரதாரருடையது, விளைச்சலில் இருவருக்கும் பங்கு. ஆனால் விதை, கருவி, உணவு அனைத்தையும் பண்ணைக் கடையில் கடனாக வாங்கவேண்டும். கணக்கேடு முதலாளியிடம் இருக்கும். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில், உழவர் பங்கைவிடக் கடனே மிகுந்திருக்கும். அக்கடன் அடுத்த ஆண்டுக்குத் தொடரும்.

இசைத்தட்டு ஒப்பந்தமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. ஒலிப்பதிவுக் கூட வாடகை, பக்க வாத்தியக்காரர் ஊதியம், முன்பணம் ஆகியவை கலைஞர் கணக்கில் பற்று எழுதப்பட்டன. தட்டுகள் உடைந்துபோகும் என்று கூறி, விற்பனையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே பல நிறுவனங்கள் கணக்குப் போட்டன. எளிதில் உடையும் அரக்குத் தட்டுகள் போய், உடையாத வினைல் தட்டுகள் வந்த பின்னும் இக்கழிவு பல ஒப்பந்தங்களில் நீடித்தது.

இதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தட்டுக்கு மூன்று சென்ட் ராயல்டி. விற்றவை 1,00,000 தட்டுகள். உடைவுக் கழிவு போக 90,000 தட்டுகளுக்கு 2,700 டாலர் கலைஞர் பங்கு. ஒலிப்பதிவுச் செலவு 2,000 டாலர், முன்பணம் 500 டாலர், பிற செலவு 400 டாலர் என்று 2,900 டாலர் பற்று. முடிவில், இலட்சம் தட்டுகள் விற்ற பாடகர் நிறுவனத்துக்கு 200 டாலர் கடன்காரர். அடுத்த தட்டின் வரவும் முதலில் இக்கடனுக்கே போகும்.

இக்கணக்கில் பொய்யே இல்லாமலிருந்தாலும் கலைஞருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பொய்யும் கலக்கவேண்டுமானால், அச்சடித்த தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினால் போதும். உண்மை எண்ணிக்கை நிறுவனத்துக்கும் தட்டு அச்சடிக்கும் ஆலைக்கும் மட்டுமே தெரியும்.

நிறுவனங்களின் தரப்பையும் கூறுவது முறை. பத்துத் தட்டுகள் வெளியிட்டால் ஒன்றிரண்டே விற்கும். மற்றவற்றின் நட்டத்தைத் தாங்குவது நிறுவனமே. சில முதலாளிகள் கலைஞர்களின் மருத்துவச் செலவைக் கொடுத்தனர். கார் வாங்கித் தந்தனர். ஆனால் உரிமையாக வரவேண்டியது உதவியாக வந்தபோது, கலைஞர் கணக்குக் கேட்கும் நிலையை இழந்தார். கேட்டால் நன்றி மறந்தவர் என்று பெயர்.

காலம் என்னும் தடை

ஏமாந்ததை அறிந்தவர்கள் நீதிமன்றம் சென்றிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சிலர் சென்றனர். அவர்கள் எதிர்கொண்ட பெரும் தடை, வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு.

1970களில் கொலம்பியா நிறுவனம் பெஸ்ஸி ஸ்மித்தின் பதிவுகளை மீண்டும் வெளியிட்டது. அவருடைய வளர்ப்பு மகன், பழைய ஒப்பந்தங்கள் அநீதியானவை என்று வழக்குத் தொடர்ந்தார். 1979 இல் பென்சில்வேனியா கூட்டாட்சி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன என்ற அடிப்படையில் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது வழக்கு மேலும் கவனிக்கத்தக்கது. 1956 இல் 'தி டீனேஜர்ஸ்' என்ற சிறுவர் குழு 'ஒய் டூ பூல்ஸ் பால் இன் லவ்' என்ற பாடலால் புகழ்பெற்றது. முதன்மைப் பாடகர் பிராங்கி லைமனுக்கு அப்போது வயது 13. நிறுவன உரிமையாளர் ஜார்ஜ் கோல்ட்னரின் பெயர் இயற்றியவர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் அந்த இடத்துக்கு ரூலெட் நிறுவன முதலாளி மாரிஸ் லெவியின் பெயர் வந்தது. லைமன் 1968 இல், தம் 25 ஆம் வயதில், போதைப்பொருளால் இறந்தார்.

பாடலை இயற்றியதில் தங்களுக்கும் பங்குண்டு என்று அக்குழுவின் ஹெர்மன் சாந்தியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட் ஆகிய இருவரும் 1987 இல் வழக்குத் தொடர்ந்தனர். மிரட்டலுக்கு அஞ்சியே அதுவரை வாய் திறக்கவில்லை என்று வாதிட்டனர். லெவி சாதாரண வணிகர் அல்லர். மிரட்டிப் பணம் பறிக்கும் சதிக் குற்றத்துக்காக 1988 இல் தண்டனை பெற்றவர். சிறை செல்லுமுன் 1990 இல் இறந்தார்.

1992 இல் நடுவர் குழு இருவரின் உரிமையையும் ஏற்றது. 1996 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. உரிமைக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்பியிருக்கவேண்டும் என்பது காரணம். பதின்ம வயதில் பாடிய சிறுவர்கள் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கறிஞரைத் தேடிச் சென்றிருக்கவேண்டும் என்பதே இத்தீர்ப்பின் விளைவு.

ரூத் பிரவுனின் போராட்டம்

நீதிமன்றத்தால் கிடைக்காதது, ஒரு பெண்ணின் விடாமுயற்சியால் ஓரளவு கிடைத்தது. அவர் 1928 இல் வர்ஜீனியாவில் பிறந்த ரூத் பிரவுன்.

அட்லாண்டிக் நிறுவனம் 1947 இல் தொடங்கப்பட்ட சிறு நிறுவனம். அதற்காக ரூத் பிரவுன் 1949 முதல் பாடிய பாடல்கள் அடுத்தடுத்து வெற்றிபெற்றன. அந்நிறுவனத்தையே 'ரூத் கட்டிய வீடு' என்று தொழில்வட்டாரத்தில் அழைத்தனர். தொடக்கத்தில் அவர் கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, செலவைத் தந்ததும் அந்நிறுவனமே.

1960களில் புதிய இசை வந்தது. ரூத் பிரவுனுக்கு வாய்ப்புக் குறைந்தது. இரு பிள்ளைகளை வளர்க்க வீட்டு வேலை செய்தார், பேருந்து ஓட்டினார். அவர் பாடிய பழைய தட்டுகள் மறுபடியும் மறுபடியும் வெளிவந்தன. அவருக்கு ராயல்டி வரவில்லை.

1980களின் தொடக்கத்தில், அவருடைய இரசிகரான ஹவெல் பெகில் என்ற வாஷிங்டன் வழக்கறிஞர், பழைய தட்டுகளில் கையொப்பம் கேட்டு வந்தார். இவற்றிலிருந்து தமக்கு ஒரு காசும் வருவதில்லை என்று ரூத் பிரவுன் கூறியதைக் கேட்டு வியந்து, கட்டணம் வாங்காமல் இவ்விவகாரத்தைக் கையிலெடுத்தார். கணக்கைக் கேட்டபோது, ரூத் பிரவுன்தான் நிறுவனத்துக்குக் கடன்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

காலவரம்பை அறிந்திருந்த பெகில், பொதுமக்கள் முன் உண்மையைக் கொண்டுவரும் வழியைத் தேர்ந்தார். செய்தியாளர்கள் எழுதினர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னும் இச்செய்தி எடுத்துரைக்கப்பட்டது. 1988 மே மாதம் அட்லாண்டிக் தன் நாற்பதாண்டு நிறைவு விழாவை நியூயார்க்கில் பெரிய அளவில் கொண்டாடியது. அந்த ஆண்டில் நிறுவனம் இறங்கி வந்தது. ரூத் பிரவுனுக்கும் வேறு சில பழைய கலைஞர்களுக்கும் இருந்த பழைய பற்றுகள் தள்ளுபடி செய்யப்பட்டன. கடந்த ஆண்டுகளுக்கான ராயல்டி கணக்கிடப்பட்டது. முதுமையில் வறுமையுற்ற இசைஞர்களுக்கு உதவ 'ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை' தொடங்க, அட்லாண்டிக் 15 இலட்சம் டாலர் அளித்தது.

ரூத் பிரவுன் 1989 இல் நாடகத்துக்கான டோனி விருது பெற்றார். 2006 இல் மறைந்தார்.

சட்டத்தில் வந்த மாற்றங்கள்

1976 இல் இயற்றப்பட்டு 1978 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு முக்கிய விதியைக் கொண்டுள்ளது. 1978 முதல் படைப்பாளி எழுதிக்கொடுத்த உரிமையை, 35 ஆண்டுகளுக்குப் பின் அவர் திரும்பப் பெறலாம். இளமையில் பேரம்பேசும் வலிமையின்றிக் கையொப்பமிட்டவருக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவதே இவ்விதியின் நோக்கம்.

நிறுவனங்கள் இதைத் தவிர்க்க, 'கூலிக்குச் செய்த படைப்பு' என்ற வகையைக் காட்டின. அவ்வகைப் படைப்புகளுக்கு இவ்விதி பொருந்தாது. 1999 இல் ஒலிப்பதிவுகளும் அவ்வகையில் சேர்ந்தன என்று சட்டத்தில் சத்தமின்றி ஒரு திருத்தம் நுழைக்கப்பட்டது. கலைஞர்கள் கிளர்ந்தெழவே, 2000 இல் அத்திருத்தம் நீக்கப்பட்டது.

1972 க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே இருந்ததால், இணைய வானொலிகளில் அவை ஒலித்தாலும் பழைய பாடகர்களுக்குப் பங்கு உறுதியாகவில்லை. 2018 ஆம் ஆண்டின் இசை நவீனமாக்கல் சட்டம் இக்குறையை நீக்கியது. இதனால் பயன்பெற வேண்டிய தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

இளம் இசைஞர்கள் கருத்தில் கொள்ளவேண்டியவை

தட்டுகள் போய் இணையவழிக் கேட்பு வந்துவிட்டது. கையொப்பம் மட்டும் மாறவில்லை. மேற்கண்ட வரலாற்றிலிருந்து, ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

1. கிடைப்பது ஒரே தொகையா, விற்பனைக்கேற்ற பங்கா?

2. பாடலை இயற்றியவர் என்று யார் யார் பெயர் எழுதப்படுகிறது?

3. எந்தெந்தச் செலவுகள் கலைஞர் கணக்கில் பற்றாக எழுதப்படும்? அவற்றுக்கு உச்சவரம்பு உண்டா?

4. விற்பனைக் கணக்கை நேரில் பார்த்துச் சரிபார்க்கும் உரிமை கலைஞருக்கு உண்டா?

5. எழுதிக்கொடுக்கும் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு? எப்போது திரும்பி வரும்?

பெஸ்ஸி ஸ்மித்துக்கு முதல் கேள்வியையும், சக் பெர்ரிக்கு இரண்டாவதையும், ரூத் பிரவுனுக்கு மூன்றாவதையும் நான்காவதையும் உரிய நேரத்தில் எடுத்துச்சொல்ல அருகில் ஆள் இல்லை. இக்கேள்விகளுக்கு விடை தர மறுப்பவரிடம் கையொப்பம் இடாமல் திரும்பி வருவது நல்லது. தாளை வீட்டுக்கு எடுத்துச்சென்று, விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டிப் படித்தபின் வருகிறேன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.